மூச்சடக்கிய மாதங்கள்

எங்கள் வீட்டில் எந்த வலிக்கும் ஒரே வைத்தியம்தான்: மூச்சைப் பிடி. காலில் முள் ஏறினாலும், ஆடுகிற பல்லைப் பிடுங்கினாலும், விளக்கெண்ணெய் குடிக்கச் சொன்னாலும் அப்பா சொல்வது அதுதான். அவர் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கிறவர். முங்குகிறவருக்குத் தன் பிள்ளைக்கு வேறு என்ன சொல்லித் தரத் தெரியும்? நானும் பல்லைக் கடித்து, வயிற்றை எக்கி, மூச்சை உள்ளே பூட்டிக்கொள்வேன். அழாத பிள்ளை என்று பெயர் வேறு எடுத்திருந்தேன்.

யுத்த காலத்தில், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்களில், எனக்குக் கல்யாணம் நடந்தது. இருபது வயது முடிந்திருந்தது. மாப்பிள்ளையும் சங்கு குளிக்கிறவர்தான். தாலி கட்டிய அடுத்த வாரமே என் அண்ணன் அவருக்குக் கயிறு பிடிக்கத் தோணி ஏறினான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. முங்குகிறவன் உயிர் மேலே கயிறு பிடிக்கிற மண்டாடி கையில். தங்கச்சி தாலி அறுவதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்று மச்சானை நம்பித்தான் கயிற்றைக் கொடுப்பார்கள்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாருமே நம்பவில்லை. மத்தியானம் கரையேறி, புருவத்தில் உப்புப் பூத்து அவர் வந்து நிற்கும்போது, போய் ஒட்டிக்கொள்ளலாமா என்றுதான் இருக்கும். ஆனால் அவர் கிட்டே வந்தால் உடம்பு என் பேச்சைக் கேட்காது. தொடை இரண்டும் தாமாக இறுகும். உள்ளே ஏதோ சுவர் எழும்பினது போல அடைத்துக்கொள்ளும். மீறிப் பார்த்தால் புண்ணில் உப்பு வைத்த எரிச்சல். பாவம், அவர் பதறிப் போய் விலகிவிடுவார்.

"மூச்சப் பிடிச்சுக்கோளா, கொஞ்ச நேரந்தான்," என்று அவரும் சொல்லிப் பார்த்தார். பிடித்தேன். வலி கூடியது. சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அடுத்த தடவை இன்னும் பலமாகப் பிடித்தேன். அது இன்னும் மோசம். வேண்டும் என்கிறவளும் நான், வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறவளும் நான். இதில் எவள் நான் என்று எனக்கே விளங்கவில்லை. எரிச்சலில் சும்மா கிடந்த பானை சட்டியை எல்லாம் போட்டு உருட்டுவேன்.

மாதங்கள் போயின. ஒரு நாள் குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த மாமி, அவருடைய அம்மா, "என்னளா, விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்றார். ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். எனக்கோ யாரிடமாவது கேட்டால் போதும் என்றிருந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

மாமி அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தார். "அப்ப இன்னும் கல்யாணமே ஆகல," என்றார். மெய்யாகவே அப்படித்தானாம். புருசன் பெண்டாட்டி சேராத கல்யாணத்தைத் திருச்சபை ரத்துப் பண்ணலாமாம். பங்குச் சாமியாரிடம் சொன்னால் ஆயருக்கு எழுதிப் போடுவார். மாதா கோயில் திருவிழா வரைக்கும் பார்ப்பேன், அதற்குப் பிறகு சாமியாரைப் பார்ப்பேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ரத்தாகிவிட்டால் நான் அவரை விட்டுப் போகவேண்டும். என் அண்ணனும் கயிற்றை விட்டு இறங்கவேண்டும். அப்புறம் கடலுக்குள் அவர் யாரை நம்பி முங்குவார்?

மருத்துவச்சி வந்து பார்த்து, பிறவி அடைப்பு, கத்தி வைக்கவேண்டும் என்றாள். கத்தி வைக்கத்தான் மாமி என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கூட்டிப் போனார்.

அங்கே இருந்த டாக்டரம்மா மதராஸ் பக்கத்துக்காரர். கத்தியைத் தேடவில்லை, கேள்விதான் கேட்டார். எப்போது வலிக்கிறது? தொட்ட பிறகா, தொடுவதற்கு முன்னாலேயேவா? வலி முதலில் வருகிறதா, பயம் முதலில் வருகிறதா? புருஷன் அடிப்பாரா? சின்ன வயசில் யாராவது தப்பாக நடந்தார்களா? அதெல்லாம் இல்லை என்றேன். பயமா வலியா என்பதற்கு மட்டும் பதில் தெரியவில்லை. இரண்டும் கைகோத்துக்கொண்டுதானே வருகின்றன.

"பார்க்கட்டுமா? நீ வேண்டாம் என்றால் உடனே கையை எடுத்துவிடுவேன்," என்றார். சொன்னபடியே நான் முனகியதும் கையை எடுத்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏன் மூச்சை அடக்குகிறாய்?" என்று கேட்டார்.

"வலிச்சா மூச்சப் பிடிக்கணும்லா?" என்றேன்.

அவர் தன் விரலைச் சட்டென்று என் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தார். இமை மூடிக்கொண்டது. "நீயா மூடினாய்?" என்றார். "அங்கேயும் அப்படித்தான். அடைப்பு ஒன்றும் இல்லை. அங்கே இருக்கிற தசை பயந்து தானாக மூடிக்கொள்கிறது. மூச்சை அடக்கினால் இன்னும் இறுகும். மெதுவாக வெளியே விட்டுப் பழகு."

பக்கத்தில் நின்ற மாமிக்குப் பொறுக்கவில்லை. "அப்ப இவ நடிக்காளா?"

"நடிக்கவில்லை. வலி நிஜம்."

"உடம்புல கோளாறும் இல்ல, நடிப்பும் இல்லன்னா பின்ன என்னதான் அது?"

டாக்டரம்மா இங்கிலீஷில் ஒரு பேர் சொன்னார். அது என் நாக்கில் நிற்கவில்லை.

வீட்டில் அவரிடம் சொன்னேன். அவருக்கும் குழப்பம். "மூச்ச விட்டா தண்ணி ஏறிருமே," என்றார். பிறகு, "அடியில கெடக்கும்போது நான் கயித்த ஒரு இழு இழுத்தா உங்க அண்ணன் என்ன செய்வான்? ஏன்னு கேப்பானா?" என்றார்.

"கேக்க மாட்டான். தூக்கிருவான்."

தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டி, மறு முனையை என் கையில் கொடுத்தார். "இத இழு. நானும் கேக்க மாட்டேன்."

மாமி செபமாலைக்குக் கோயிலுக்குப் போகிற சாயங்காலங்கள் எங்களுடையவை. முதல் நாள் அவர் பாயில் உட்காருமுன்னே இழுத்துவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மறுநாளும் இழுத்தேன். மெய்யாகவே போவாரா பார்ப்போம் என்று வேண்டுமென்றேகூட இழுத்தேன். போனார். "நல்ல மண்டாடி கெடச்சா போ," என்று ஒரு நாள் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் மூச்சு தானாக வெளியே போய்விடுகிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். பிறகொரு நாள் துண்டு என் கையிலிருந்து நழுவிப் பாய்க்கு வெளியே கிடந்தது. எப்போது விட்டேன் என்று எனக்குத் தெரியாது. வலித்ததா என்றால் கொஞ்சம் வலித்தது. பயம் எங்கே போனது, ஏன் போனது, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

திருவிழாக் கொடி இறங்கிய மறுநாள் மாமி வெள்ளைச் சேலை கட்டி, முக்காடு போட்டுக் கிளம்பி நின்றார். "சாமியாரப் பாக்கப் போகட்டுமா, வேண்டாமாளா?"

"வேண்டாம் மாமி," என்றேன். துண்டுக் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

முக்காட்டை எடுத்துவிட்டு மாமி அப்படியே உட்கார்ந்தார். கொடியில் காய்ந்த துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, என்னிடம் இல்லாதது போல, மெல்லச் சொன்னார்.

"இத்தன பிள்ள பெத்தேன். கடைசி வரைக்கும் மூச்ச அடக்கிக்கிட்டுத்தான் கெடந்தேன். பொம்பளைக்கெல்லாம் அப்படித்தான்னு நெனச்சேன்." துண்டை எடுத்து மடித்து என் மடியில் வைத்தார். "என் கையில ஒருத்தரும் ஒண்ணும் தரலளா."