அஞ்சு துண்டு அன்னாசித் தண்டு

எழுத்துப் பிழை இருக்கும், ஒரு வரி மேலே ஏறும், ஒரு வரி கீழே இறங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எது முந்தின நாள், எது பிந்தின நாள் என்பதும் இப்போது குழம்புகிறது. வாயால் கேட்க வெட்கமாக இருக்கிற காரியம் என்பதால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் செகந்திராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் இங்கே ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு மகனோடும் மருமகளோடும் இருக்கிறேன். மருமகள் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சர்ச்சில் மற்றவர்கள் என்னிடம் கேட்பார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பைக்குள் தேடுவதுபோல் குனிந்துகொள்வேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் லீவு போட்டுப் படுத்திருந்தாள். மகன் என்னிடம், "அம்மா, அவ பக்கெட் தூக்க வேணாம், குனிய வேணாம், நீங்க பார்த்துக்குங்க" என்றான்.

"ஏன்லே, மேலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, முதுகு வலி."

முதுகு வலிக்காரி முதுகைப் பிடிக்கவில்லை, தைலம் கேட்கவில்லை. முந்தின நாள் நான் மீன் பொரித்தபோது அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ரூமுக்குள் போனது ஞாபகம் வந்தது. எனக்குச் சந்தோஷம் தொண்டை வரைக்கும் ஏறிவிட்டது. ஆனாலும் கேட்கவில்லை.

அன்றைக்கே அவள் சொன்னாள்: "அத்தே, கீழ பழ வண்டி வந்தா ஒரு அன்னாசி வாங்கிட்டு வாங்க. நடுத்தண்டை எடுக்க விடாதீங்க. எனக்குத் தண்டுதான் வேணும்."

எங்கள் நாகர்கோவில் பக்கம் உண்டாகியிருக்கிறவள் அன்னாசியைக் கிட்டக்கூடச் சேர்க்கமாட்டாள். கரு தங்காது என்று கேட்டு வளர்ந்தவள் நான். இவளுக்கோ அன்னாசியே பிடிக்காது, நாக்கு அரிக்கிறது என்பாள். அப்படிப்பட்டவளுக்கு இப்போது ஏன் அன்னாசி? அதிலும் யாரும் தின்னாத தண்டு?

வண்டிக்காரர் தோலைச் சீவி, கண்ணெல்லாம் எடுத்துவிட்டு நடுவில் கத்தியை வைத்தார். நான் "நக்கோ, நக்கோ", வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். "கட்டை எதுக்கு அம்மா, கடிக்கப் பல் இருக்கா?" என்று அவர் பாஷையில் கேலி செய்தார். இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

வீட்டில் அவளே உட்கார்ந்து வெட்டினாள். தண்டை அளவு பார்த்து அஞ்சு துண்டாக்கி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். சதையெல்லாம் எனக்கும் மகனுக்கும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு துண்டு. முகத்தைச் சுளித்துக்கொண்டு, மாத்திரை விழுங்குகிற மாதிரி மென்றாள். பசிக்குத் தின்கிறவள் அப்படித் தின்னமாட்டாள்.

ரெண்டாம் நாள் அவள் பால்கனியில் போனில் பேசுவது காதில் விழுந்தது. "ஹவ், ஆமா, இன்னைக்கு ரெண்டாவது. அத்தைக்குத் தெரியாது. அஞ்சு நாள் முடியட்டும்."

ஆபீஸில் அவளை அமெரிக்காவுக்கு அனுப்பப் போவதாக அப்போது வீட்டில் பேச்சு இருந்தது. அதற்குத்தான் வயிற்றில் இருப்பதைக் கலைக்கிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மகனுக்கும் இது தெரியுமோ என்று, தோசை போட்டுக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பாட்டுக்கு அன்னாசித் துண்டை மிளகாய்ப் பொடி தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். அந்தச் சாவதானமும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்படிதான். பச்சை அன்னாசியைத் தயிரில் போட்டுவைத்தால் பச்சடி கசக்கும். வேகவைத்துப் போட்டால் கசக்காது, அதன் வீரியம் போய்விடும். மூன்றாம் நாள் அவள் எழுந்திருக்குமுன் டப்பாவை எடுத்தேன். மூன்று துண்டு இருந்தது. நன்றாகக் கொதிக்கவிட்டு, ஃபேனுக்குக் கீழே ஆறவைத்து, துணியால் ஒற்றி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். கைப்பழக்கத்தில் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுவிட்டேன்.

"அத்தே, ஃப்ரிட்ஜ்ல இருந்தா இது மெத்துனு ஆகுமா?"

"ஆகும் மக்களே."

"நாக்கு கூட அரிக்கல இன்னைக்கு."

நான் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் பாலே வைக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார்கள். அவள் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகன் சமையலறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, அவ படுத்திருந்தது டாக்டர்கிட்ட டெஸ்ட் டியூப் கரு வச்சுட்டு வந்ததாலதான். நிக்கல."

"முதுகு வலின்னியேலே."

"சொல்லிட்டு, அப்புறம் நிக்கலன்னா உங்க முகத்தப் பார்க்கணுமே."

அன்னாசி எதற்கு என்று அப்போதுதான் கேட்டேன். ஆறு வருஷத்தில் குழந்தைக் காரியமாக நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அவ போன்ல ஒரு லேடீஸ் குரூப் இருக்கு. கரு வச்ச அன்னைக்கிலிருந்து அஞ்சு நாள் தண்டைத் தின்னா ஒட்டிப் பிடிக்கும்னு அதுல எல்லாரும் சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. அவளுக்கு இருந்துச்சு."

எங்கள் ஊரில் கலைக்கிற பழம், இவர்கள் குரூப்பில் ஒட்டவைக்கிற பழம். ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, துணியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை பீஸ்?" என்றாள்.

"மூணு."

"உப்பும் நீங்கதானா?"

"ஒரு சிட்டிகை."

"நான் கலைக்கிறேன்னு நினைச்சீங்களா அத்தே?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் நான் மடித்து வைத்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். "கேட்டிருக்கலாம்" என்றாள். நீயும் சொல்லியிருக்கலாமே மக்களே என்று நாக்கு வரைக்கும் வந்தது; அடுத்த துணியை எடுத்து மடித்தேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். என்னைத் திட்டு வாங்க வைக்கவோ என்று பயந்துகொண்டே போனேன். என் எதிரிலேயே டாக்டரம்மாவிடம் தெலுங்கில் கேட்டாள். அந்த அம்மா சிரித்துவிட்டு, அன்னாசி ஒட்டவும் வைக்காது, கலைக்கவும் செய்யாது, ருசிக்காகச் சாப்பிடுகிற அளவு சாப்பிடட்டும் என்றார். மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் ரொம்பச் சட்டென்று வந்தது. என் மனசு ஆறட்டும் என்று இவளே முன்கூட்டி டாக்டரிடம் சொல்லிவைத்தாளோ? அன்றைக்கிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊரில் ரப்பர் கன்று சின்னதாக இருக்கும்போது வரிசைக்கு நடுவில் அன்னாசி நடுவார்கள். இலை ஓரம் முழங்காலைக் கீறும். வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் அதற்குள் குனிந்து களை பறித்தார்கள், நல்லபடியாகப் பெற்றார்கள். பழம் தின்றார்களா என்று நான் பார்த்ததில்லை. அதனால் அதுவும் சாட்சியாகாது.

வருகிற மாசம் மறுபடியும் கரு வைக்கப் போகிறார்கள். நேற்று அவள் சொன்னாள்: "இந்தத் தடவை தண்டை நீங்களே வெட்டிக் கொடுங்க அத்தே." டாக்டர் சொன்ன பிறகும் தின்கிறாள் என்றால் அவளும் டாக்டரை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? இல்லை, என்னை நம்புகிறேன் என்று காட்டுகிறாளா, நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கிறாளா? சரி மக்களே என்று மட்டும் சொன்னேன்.

இதைப் படிக்கிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள். தண்டு பச்சையாக என்ன செய்யும், வேகவைத்தால் என்ன செய்யும், நான் கெடுத்தேனா இல்லையா? என் மனசைப் பார்க்காமல் உள்ளதைச் சொல்லுங்கள். துண்டு அஞ்சுதானா, நான் அடுப்பில் வைத்தது மூன்றுதானா என்பதையும் மருமகளிடம் ஒருதரம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அது சரியாக ஞாபகமில்லை.