யுனிவர்சிட்டி ஸ்டாஃப்

சூப்பிரண்டு தோளில் முதல் அடி விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பலாக்காய் தரையில் விழுந்த மாதிரி, மொத்தென்று. அடித்தது சவுக்குக் கழி. அடி வாங்கியவர் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் எனக்கு மேலதிகாரி.

அந்த வேலையின் சுகத்தை அவர் சொல்லித்தான் கேட்க வேண்டும். நெய்வேலியில் பஸ் ஏறியதுமே ஆரம்பித்துவிடுவார். "மைன்ஸ்ல ஷிப்ட்டு, தூசி. நமக்கு மர நிழல், செமஸ்டர் லீவு. ஊர்ல ஒரு மரியாதையும் இருக்குய்யா." கஷ்டத்தையும் மறைக்கமாட்டார். பேராசிரியருக்கு நாம் எடுபிடி, மாணவனுக்கு எதிரி, ரிசல்ட் தப்பாக வந்தால் மட்டும் நாம்தான் பல்கலைக்கழகமே என்பார்.

பிறகு, ஆள் அதிகம் என்று சொல்லி எங்களைப் பணிநிரவல் என்ற பெயரில் வேறு அலுவலகங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். எங்கள் இருவர் தலையில் விழுந்தது சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் வேலை. விடைத்தாள் கட்டிய கைகள் அளவு டேப்பைப் பிடித்தன. என்ன பிழைப்போ!

ஒரு கிராமத்தில் எல்லைக்கல் நட இறங்கினோம். நாலா பக்கமும் கூட்டம் சூழ்ந்தது. சர்வேயர் ஜீப்பில் ஏறிப் பறந்துவிட்டார். மாட்டிக்கொண்டது நாங்கள். நான் கீழே விழுந்தேன்; என் விரலை ஒருவன் மிதித்து ஒடித்தான். சூப்பிரண்டு தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "அடிக்காதீங்க! நாங்க ரெவின்யூ இல்ல, யுனிவர்சிட்டி ஸ்டாஃப்ங்க!"

ஓங்கிய கழி நின்றது. பிழைத்தோம் என்றே நினைத்தேன்.

"யுனிவர்சிட்டியா?" என்றார் கழி வைத்திருந்தவர். "பாதி நெலத்த வித்துத்தான்டா எம் பொண்ண அங்க படிக்க வச்சேன். இப்ப பண்ருட்டில முந்திரிக்கொட்ட ஒடைச்சிக்கினு கெடக்குது. மீதிய எடுக்கவும் நீங்களேதான் வரணுமா?"

அடுத்த அடி சூப்பிரண்டு கண்ணில் விழுந்தது. ரத்தம் சட்டையெல்லாம் வழிய, வரப்பில் அவர் துடித்ததை என்னால் மறக்க முடியவில்லை. அடித்தவர் மீது எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு.

டாக்டர்கள் அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். நில அலுவலகத்தில், "அவர் யுனிவர்சிட்டி ஆளாச்சே" என்றார்கள். பல்கலைக்கழகத்தில், "இப்ப அவர் நம்ம ஆள் இல்லையே" என்றார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் இரண்டு இடத்திலிருந்தும் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை.

நான் மறுபடி தேர்வுப் பிரிவுக்கே வந்துவிட்டேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மார்க்கெட்டில் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறார்:

"நான் யுனிவர்சிட்டி ஸ்டாஃபுன்னு ஒத்துக்கிட்டது அந்த ஆளு ஒருத்தன்தான்யா."