மாமா காரின் பின் சீட்டு

மாமா ஒரு பழைய கார் வாங்கினார். அம்மாவுக்கு அண்ணன் அவர். வீட்டில் ஆள் கூடுதல் என்பதால் சாத்தூர் ரோட்டுப் பட்டறையில் விட்டு, சாமான் வைக்கிற பின்பக்கத்தில் பிள்ளைகளுக்கென்று சின்னதாக ஒரு சீட்டு போட்டுக்கொண்டு வந்தார். சிவப்பு ரெக்சின். மூன்று பேர் உட்காரலாம். மாமா பிள்ளைகள் இரண்டு பேர். மூன்றாவது இடம் எனக்கு என்று மாமாவே சொல்லிவிட்டார். எனக்கு எட்டு வயது. அதுவரை நான் காரில் ஏறியதில்லை.

ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் புறப்பட்டோம். நான் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன். அம்மா ஏறவில்லை. காரைச் சுற்றி வந்தாள். சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. குனிந்து போல்ட்டைப் பார்த்தாள். அதுவும் இறுக்கமாகத்தான் இருந்தது. மாடு வாங்க வந்தவள் பல்லைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாளே என்று அத்தை சிரித்தாள்.

"இதுக்குக் கதவு எங்கன இருக்குண்ணே?"

மாமா பின்கதவைக் காட்டினார். உள்ளேயிருந்து திறக்குமா என்று கேட்டாள். தான் வந்து திறந்துவிடுவதாகச் சொன்னார்.

அம்மா என்னை இறக்கிவிட்டு, அந்தச் சின்ன சீட்டில் தானே ஏறிக் குறுகி உட்கார்ந்தாள். சாத்தச் சொன்னாள். கதவில் தடவிப் பார்த்தாள், கைப்பிடி இல்லை. பக்கத்துக் கண்ணாடி இறங்காது. நடுச் சீட்டில் ஆள் இருந்தால் அந்தப் பக்கமும் வழி இல்லை. கண்ணாடியைத் தட்டினாள். மாமா வேண்டுமென்றே கொஞ்சம் நின்றுதான் திறந்தார்.

"என்ன தாயி, வெடி ரூமா இது? ஓட வழி தேடுற."

அம்மாவுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"உங்க பிள்ளைகளயும் ஏத்தாதீக."

நல்ல நாளும் அதுவுமாக வாயை வைக்கிறாளே என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். வழியெல்லாம் அழுதேன். அம்மா சமாதானம் சொல்லவில்லை. கோயிலில் மாமா பிள்ளைகள் முன்னாலேயே வந்து ஐஸ் தின்றுகொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கார் ஐந்தாறு வருசம் ஓடியது. கடைசிவரை ஒன்றும் ஆகவில்லை.

அம்மா பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற அறையில் வேலை பார்த்தவள். அங்கே முதல் நாள் வேலை சொல்லித் தர மாட்டார்கள். எந்த வாசல் வழியாக ஓட வேண்டும் என்று காட்டுவார்கள். நானும் அங்கே வேலைக்குப் போன பிறகுதான் இது தெரியும். அன்றைக்கு, அண்ணன் கார் வாங்கியது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.