நடந்து போன கோடு

போன வியாழக்கிழமை என் மச்சானின் துணியை ரிஜெக்ட் செய்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் எனக்குக் காபி வரவில்லை.

வீரபாண்டியில் எனக்குச் சின்னதாக ஒரு பனியன் யூனிட். மனைவியின் அண்ணன் தங்கவேல் மச்சான், பொங்கலூரில் தக்காளி விவசாயத்தை விட்டுவிட்டு, புதிதாக நிட்டிங் மெஷின் போட்டிருக்கிறார். அவருடைய முதல் ஆர்டரே என்னுடையதுதான். சொந்த மாப்பிள்ளையே திருப்பி அனுப்பிய துணி என்று பேர் வந்துவிட்டால், அப்புறம் யார் அவரை நம்பித் துணி பின்ன நூல் கொடுப்பார்கள்?

ஆனால் செக்கிங் என்றால் செக்கிங். அடியில் டியூப் லைட் எரியும் கண்ணாடி மேஜை. அதன் மேல் துணி ஓடும், நான் பார்ப்பேன். பார்த்தேன். வெள்ளைத் துணியின் இடது ஓரத்தில், நெடுக ஒரு சாம்பல் கோடு!

நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி பழுதானால் இப்படித்தான் கோடு விழும். குறை இருக்கும் இடத்தைக் காட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ரோலில் ஒட்டிவிட்டுப் போன் போட்டேன்.

“மச்சான், ஊசி போயிருக்குதுங்க.”

“ஏனுங்க மாப்ள, அத்தனையும் புது ஊசிங்க!”

பாவம், அத்தனையும் மறுபடி மாற்றினார். அடுத்த ரோல் வந்தது. அதே இடத்தில் அதே கோடு. வெயிலில் விரித்தால் மட்டும் தெரியவில்லை. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது — சாயம் ஏறினால் தெரியும்!

சனிக்கிழமை மச்சானே மூன்றாவது ரோலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“இதுலயும் கோடு இருந்துதுன்னா, மெஷின வித்துப்போட்டு மறுக்கா தக்காளியே போட்டுக்கறனுங்க.”

துணி ஓடியது. கோடு தெரிந்தது. “பாருங்க மச்சான்” என்று மெஷினை நிறுத்தினேன். துணி நின்ற பிறகும் கோடு மெல்ல நகர்ந்தது. பக்கத்தில் நின்ற செக்கிங் செல்வி, தூத்துக்குடிப் பெண், கத்திவிட்டாள்.

“அண்ணாச்சி, துணி நின்னுட்டு... கோடு மட்டும் நடக்கு!”

கண்ணாடியைத் தூக்கினோம். அடியில், பஞ்சுத் தூசி படிந்த ஒரு வலை. அதில் தலைகீழாக, கடுகளவுச் சிலந்தி. மூன்று ரோலிலும் விழுந்தது தூசி படிந்த ஓர் இழையின் நிழல்தான்; சிலந்தி நடந்தபோது அதுவும் நகர்ந்தது!

பிறகு போனில் தேடிப் படித்தேன். இந்தச் சின்னச் சிலந்திகள் சக்கரம் மாதிரி வலை கட்டாதாம். பெட்ஷீட் மாதிரி விரித்துவிட்டு அடியில் தொங்குமாம். மேலே பூச்சி விழுந்தால், அடியிலிருந்தே கடித்து இழுத்துக்கொள்ளுமாம். இழைகளில் ஓர் ஒழுங்கும் கிடையாது. என் மேஜைக்கு வந்தால் பார்த்தவுடன் ரிஜெக்ட். ஆனாலும் அந்தத் துணிக்கு வந்த கஸ்டமர் எவரும் திரும்பிப் போனதில்லை!

குறை கண்டுபிடிக்கிற நாங்கள் துணியைத் தினமும் உற்றுப் பார்க்கிறோம். விளக்கை யார் பார்க்கிறோம்?

சிலந்தியைக் காகிதத்தில் ஏந்தி, கேட் ஓரச் செம்பருத்தியில் விட்டேன். மூன்று ரோலும் பாஸ். “மன்னிச்சுக்குங்க மச்சான்” என்றேன். அவர் கோபப்படவில்லை. முதல் ரோலில் இருந்த அம்புக்குறியை மெதுவாகப் பிய்த்து என் சட்டைப் பையில் ஒட்டினார், முனை என் முகத்தைப் பார்க்கிற மாதிரி.

“டிஃபெக்ட் எங்க இருக்குதோ, அங்கதானுங்க மாப்ள ஒட்டோணும்?”

வீட்டுக்கு வந்தேன். விஷயம் எனக்கு முன்பே வந்திருந்தது. காபியும் வந்தது. ஸ்டிக்கரைப் பிய்க்கப் போனேன். மனைவி தடுத்தாள்.

“இருக்கட்டுங்க... அண்ணன் கரெக்டாத்தான் ஒட்டியிருக்கறாரு.”