கியூவின் நுனியை நான் 'சரி' செய்த கதை

தொண்ணூறுகளின் கடைசியில், மறைமலைநகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு செங்கல்பட்டில். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் பேக்கிங்கில் கான்ட்ராக்ட் ஆள். என் வயதுதான். 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

அவனுக்கு எய்ட் பால் பைத்தியம். பில்லியர்ட்ஸுக்குத் தம்பி மாதிரியான ஆட்டம் அது. கியூ என்கிற நீளக் குச்சியால் வெள்ளைப் பந்தை அடித்து, அது போய் மற்றப் பந்துகளைக் குழியில் தள்ள வேண்டும். நம் பங்கு ஏழு பந்தையும் தள்ளிவிட்டுக் கடைசியில் கறுப்பு. கறுப்போடு வெள்ளையும் விழுந்தால் தோற்றோம். ஞாயிற்றுக்கிழமையானால் ரயிலேறி, கல்லூரிப் பையன்கள் ஆடும் பொத்தேரிக் கடைக்குப் போய்விடுவான். ஒருமுறை நானும் போனேன். அவன் அடித்த வெள்ளைப் பந்து எதிரே இருந்ததை மோதிவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல அவனிடமே திரும்பி வந்தது. எனக்கு மண்டை குடைந்தது. முன்னால் தள்ளிய பந்து பின்னால் எப்படி வரும்? ஒரு வாரம் பஸ்ஸில் இதே கேள்விதான். எல்லாம் நுனியில் இருக்கிறது என்று சிரித்து மழுப்புவான்.

ஆள் கொஞ்சம் குள்ளம். கடைக் கியூக்கள் கைக்கு வாகாக இல்லையென்று, போனஸ் பணத்தில் சென்னையில் சொல்லிச் செய்து வாங்கினான். செய்தவர் இவன் கையை அளந்து, நீளத்தைக் குறைத்து, பிடியில் எடையைக் கூட்டிக் கொடுத்தாராம். இரண்டு துண்டு. நடுவில் திருகி மாட்டினால் ஒன்றாகிவிடும். நுனியில் பொத்தான் அளவுக்கு ஒரு தோல்.

மாமல்லபுரத்தில் கடலோரமாக ஒரு ரிசார்ட். அங்கே விளையாட்டு அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள், விருந்தாளிகளுக்குச் சொல்லித் தரவும் தெரிய வேண்டும். மேனேஜர் இவனிடம், ஞாயிறு காலையில் வா, என்னோடு ஓர் ஆட்டம் ஆடு, ஜெயித்தால் வேலை என்றாராம். நிரந்தர வேலை! ஆறு மாதத்துக்கொருமுறை கான்ட்ராக்ட் நீளுமா என்று காத்துக்கிடக்கிற பிழைப்பு அவனுடையது. பஸ்ஸில் இதைச் சொன்னபோது அவன் குரலே மாறியிருந்தது.

கியூவின் திருகு மட்டும் லேசாக ஆடியது. என்னிடம் கொடுத்தான். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் லேத்தில் மாட்டி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்து, ஆட்டமே இல்லாமல் செய்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நுனியைப் பார்த்தேன். தோல் குமிழ் மாதிரி குண்டாக, சொரசொரவென்று, நீலச் சாக்பொடி அப்பிக்கிடந்தது. எங்கள் தொழிலில் முனை என்றால் தட்டையாக, தொண்ணூறு டிகிரியில், பளபளவென்று இருக்க வேண்டும். இவ்வளவு நல்ல பொருளுக்கு இப்படியொரு தேய்ந்த முனையா என்று சீவிவிட்டேன். எமரித்தாள் போட்டு மெருகும் ஏற்றினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. பெருமை தாங்கவில்லை. உறையில் போட்டு, ஞாயிறன்று துணைக்கு நானும் போன மாமல்லபுரம் பஸ்ஸில் அவனிடம் கொடுத்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தான்.

ரிசார்ட்டில், நுனி வழுக்காமலிருக்கச் சாக்பீஸைத் தேய்த்தான். ஒட்டவில்லை. பழகிப் பார்க்க ஒரு அடி அடித்தான். 'டக்'கென்று வழுக்கி, பந்து எங்கோ போனது. நுனியைத் திருப்பிப் பார்த்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னா மச்சான் பண்ண?"

தேய்ந்திருந்தது, சரி செய்தேன் என்றேன். அவன் திட்டவில்லை. விரலால் தடவிப் பார்த்தான். வெற்றிலைக் கனத்துக்குத்தான் தோல் மிச்சமிருந்தது. மறுபடி குண்டாக்க அதில் இடமில்லை. அங்கிருந்த கியூக்களும் வளைந்தவை.

"ரவுண்டா இருந்தா பந்தை எங்க வேணா தொடலாம்டா. இனிமே நடுவுல மட்டும்தான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஆட ஆரம்பித்தான்.

அன்றுதான் எனக்கு அந்த ஆட்டம் புரிந்தது. நடுவுக்குக் கீழே தொட்டால் பந்து பின்சுழன்று திரும்பும், பக்கத்தில் தொட்டால் மேஜை விளிம்பில் பட்டுத் திசை மாறும். இவனால் இன்று இரண்டும் முடியாது. ஆனாலும் அடிப்பதற்கு முன் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து, நடு அடியிலேயே வெள்ளை எங்கே போய் நிற்கும் என்று யோசித்து, ஒவ்வொன்றாக ஏழையும் தள்ளினான். மேனேஜருக்கு இன்னும் இரண்டு மிச்சம். கடைசியில் கறுப்பு குழியின் வாயில். வெள்ளை தூரத்தில், நேர்கோட்டில். கீழே தொட்டிருந்தால் வெள்ளை நின்றிருக்கும். நடுவில் அடித்தான். கறுப்பு விழுந்தது. பின்னாலேயே வெள்ளையும் நிதானமாக உருண்டு போய் விழுந்தது.

கியூவில் ஏதாவது கோளாறா என்று மேனேஜர் கேட்டார். என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"கியூ நல்லாத்தான் கீது சார். நான்தான் சரியா அடிக்கல."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்த வாரமே வேறொருவரைச் சேர்த்துவிட்டார்கள். இவன் அதற்குப் பிறகும் பேக்கிங்கிலேயே இருந்தான். புதுத் தோல் வாங்கி வந்து, எவ்வளவு குண்டாக இருக்க வேண்டும் என்று நாணயத்தின் விளிம்பை வைத்துக் காட்டி, என்னையே ஒட்டச் சொன்னான். அவன் காட்டிய அளவுக்கே ஒட்டிக் கொடுத்தேன்.

பிறர் பொருளில் கை வைக்குமுன் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்க அன்றோடு பழகிக்கொண்டேன். ஆனால் 'கெடுத்தது நான்தான் சார்' என்று அங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றேனே, அது மட்டும் இத்தனை வருடம் கழித்தும் என்னை விடவில்லை.