பிரேக் அக்காவும் பின்சீட்டுச் சித்தப்பாவும்

ஓட்டுநர் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. பதினாறு ஆண்டுகளாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். மாணவர் ஓட்டுவார், இவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபத்தென்றால் தன் காலடியிலுள்ள இரண்டாவது பிரேக்கை மிதிக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளாகத் தெரு காலியாக இருந்தாலும் மிதிக்கிறாள்.

காரணம் பின்சீட்டில் இருந்தது. காலமான சித்தப்பா. விபத்துக்குப் பயந்து வாழ்நாளெல்லாம் எந்த வண்டியிலும் ஏறாதவர், குளியலறையில் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தார். உயிரோடு இருந்தவரை அவளோடு முகம்கொடுத்துப் பேசியதில்லை. செத்த பிறகுதான் நெருங்கிப் பழகினார். மதியம் அவள் காரை நிழலில் நிறுத்திச் சாப்பிடும்போது, சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக எடுத்து அலசுவார். அவர் குரல் அவளுக்கு மட்டுமே கேட்கும். கார் நகர்ந்தால் போதும், "பிரேக்! பிரேக்!" என்று அலறுவார். அவள் காலும் பெரியவர் பேச்சைத் தட்டாது.

காரணமின்றி மிதித்ததாக இரண்டு புகார்கள் வந்துவிட்டன. மூன்றாவது புகார் வந்தால் கற்பிக்கும் உரிமம் போய்விடும். நேரில் பார்க்க அதிகாரி வரப்போவதாகக் கடிதம் வந்தது.

"நாளைக்கு ஒரு நாள் வீட்லயே இருங்க சித்தப்பா."

"உன் கல்யாணத்தப்பவும் உங்கப்பா இதையேதான் சொன்னாரு."

"சரி, வாங்க. ஆனா வாயத் தெறக்கக் கூடாது."

"செத்தவன் வாக்கும்மா. மாறாது."

மறுநாள் காலை அதிகாரி பின்சீட்டில், சரியாகச் சித்தப்பாவின் மடியில் உட்கார்ந்தார்.

"ஏசியக் கொஞ்சம் கொறைங்க."

"ஏசியே போடல சார்."

ஓட்டியவர் ஒரு நர்ஸ். அவருக்கு அது ஏழாவது வகுப்பு. மூன்று தெருக்கள் அமைதியாகக் கடந்தன. நான்காவது தெருவில் ஒரு கேட்டிலிருந்து லாரி பின்பக்கமாக வந்தது. பிரேக் அக்கா பார்த்தாள். ஆனால் கால் வழக்கம்போல் குரலுக்குக் காத்திருந்தது. குரல் வரவில்லை. நர்ஸே மிதித்தார். லாரிக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

"இப்பக்கூடக் கால அசைக்கலையே! மாணவி மேல என்ன ஒரு நம்பிக்கை!" என்று நெகிழ்ந்த அதிகாரி, ஐந்தாண்டு உரிமத்துக்கு நடுங்கிக்கொண்டே கையெழுத்திட்டார். நடுக்கம் குளிரால்.

அவர்கள் இறங்கிப் போனதும் அவள் திரும்பினாள்.

"லாரி சித்தப்பா! கத்தியிருக்கலாம்ல?"

"நீதானே வாயத் தெறக்காதீங்கன்ன?"

"கத்தியிருந்தா வேலைதான் போயிருக்கும். இப்ப மூணு உசுரு போகப் பாத்துச்சு."

சித்தப்பா யோசித்தார்.

"போனா என்னம்மா? மொதல்ல ஒரு மாதிரி இருக்கும். அப்புறம் பழகிடும்."

அன்றே ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டார்கள்: 'பிரேக்' என்ற சொல்லே கூடாது, கண்ணில் படுவதை மட்டும் அவர் சொல்லலாம், மிதிப்பதா வேண்டாமா என்பது அவள் பாடு.

அடுத்த வகுப்பின் முதல் தெருவிலேயே, "குப்பைத்தொட்டி!" என்று அலறினார்.

அவள் கால் அசையவில்லை. சித்தப்பாதான் இரண்டு தெருவுக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.