எண்பத்தாறாவது காலடி

முதன்முதலாக என் நெஞ்சு அடைத்தது ஓர் இராணுவச் செக்பொயின்டில். நாவுலயிலிருந்து மாத்தளைக்கு வரும் வழியில் பூசணிக்காய் ஏற்றிய லொறியைக் கீழே நிறுத்திவிட்டு, அடையாள அட்டையையும் அனுமதிப்பத்திரத்தையும் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு, மேட்டின் மேலிருந்த காவல் கொட்டிலுக்கு நடக்க வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு காலடி. எதையும் எண்ணுவது என் பழக்கம். வழியிலுள்ள வளைவுகளையும் மதகுகளையும்கூட எண்ணி வைத்திருந்தேன்.

அன்று அறுபதாவது காலடியில், ஈரச் சாக்கொன்றை நெஞ்சின் நடுவே வைத்து யாரோ அழுத்துவதுபோல் இருந்தது. மேலே போய் நின்று, பெயர் பதிந்து, இறங்கி வந்தபோது அது இல்லை.

பயம் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த நாட்களில் ஒரு தமிழ்ச் சாரதிக்கு வேறென்ன தோன்றும்? இறக்கி நடக்கவைக்கப்பட்டவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

என் தம்பி செல்வராசு என்னைவிட ஆறு வயது இளையவன். மாத்தளையில் ஒரே மரக்கறி முதலாளியிடம் இருவரும் ஆளுக்கொரு லொறி ஓட்டினோம். ஒரு நாள் தேநீர்க் கடையில் அவனும் அதையே சொன்னான்.

"அண்ணே, அந்த மேட்டுல ஏறுறப்ப நெஞ்சு அடைக்குதுண்ணே."

"எனக்குந்தான்டா. பயம்."

"ஒங்களுக்குமா? பெரிய சண்டியர்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

"சண்டியனுக்கும் வரும். காலடிய எண்ணிக்கிட்டே நட. நெனப்பு அங்கிட்டுப் போகாது."

சிரித்தான். ஆனால் எண்ணத் தொடங்கினான். நான் மனதுக்குள் எண்ணுவேன். அவன் வாய்விட்டே எண்ணுவான். சில மாதங்களுக்குப் பின் ஒரு காலை, வரிசையில் அவன் முன்னே, நான் மூன்று பேர் தள்ளிப் பின்னே. எண்பத்து நான்கு, எண்பத்தைந்து, எண்பத்தாறு. அதற்குப் பிறகு சத்தம் இல்லை. சத்தமாக எண்ணியதற்கு ஏச்சு வாங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன். முன்னாலிருந்தவர்கள் விலகியபோது தரையில் கிடந்தான்.

இளவயதுச் சிப்பாய் ஒருவன் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தான். தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பய வெலா" என்றான். பயந்துவிட்டார் என்பது பொருள். சிங்களத்திலும் அது பயம்தான். மொழிபெயர்க்க அவசியமில்லாத அந்தச் சொல்லை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். தம்பி தண்ணீர் குடிக்கவில்லை. அவனுக்கு நாற்பத்தேழு வயது.

மரணச் சான்றிதழ் சிங்களத்தில் வந்தது. தம்பி மனைவி பாக்கியம் என்னிடம் நீட்டினாள். திடீரென இதயம் நின்றதால் மரணம் என்று எழுதியிருந்தது. வாசித்துச் சொல்லிவிட்டு, "பயத்துல நின்னுருச்சு" என்று நானாகச் சேர்த்தேன். எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான். படித்த லட்சணம் அவ்வளவுதான்.

அதன் பிறகு மூன்று முறை கனரக வாகன அனுமதிப்பத்திரத்துக்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். கண் பார்த்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள், "நெஞ்சு வலி உண்டா?" என்று கேட்டார்கள். மூன்று முறையும் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்கு வலித்ததே இல்லை, அடைத்தது. அடைப்பைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போர்நிறுத்தம் வந்தது. மேட்டிலிருந்த கொட்டிலைப் பிரித்தார்கள். நாவுலயிலிருந்து மாத்தளைவரை ஓர் இடத்திலும் இறங்காமல் வந்த முதல் நாள், வீட்டுக்குப் போக வீதியிலிருந்து படியேறினேன். நாற்பத்திரண்டு படி. இருபத்தாறாவது படியில் அதே ஈரச் சாக்கு.

மேலே நின்ற என் மனைவி கண்டுவிட்டாள். "நாட்டுக்கே சமாதானம் வந்திருச்சு. ஒங்க நெஞ்சுக்கு மட்டும் சேதி வரலையா?" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னவள், என் சட்டை வியர்வையில் நனைந்திருந்ததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே இதயப் பிரிவின் நடைபாதையில் எனக்கு முன்னால் முப்பத்தொன்பது பேர். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"நெஞ்சு நோ இருக்கோ, ஐயா?"

"நோவு இல்லைங்க. அடைக்கும்."

"எப்ப?"

"முந்தி செக்பொயின்ட்ல, பயத்துல. இப்ப வீட்டுப் படியில."

"வீட்டில என்ன பயம்? அம்மாவுக்கோ?" என்று பக்கத்தில் நின்ற என் மனைவியைக் காட்டினார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் எழுதிக்கொண்டே, "குடும்பத்தில ஆராவது திடீரெண்டு செத்தவையோ?" என்றார்.

"தம்பி. ஆனா அது இருதயம் இல்லைங்க டொக்டர். பயத்துல போயிட்டான்."

பேனா நின்றது. வயதைக் கேட்டார். எங்கே என்று கேட்டார். மேட்டில் ஏறும்போது, எண்பத்தாறாவது காலடியில் என்றேன்.

"இறங்கி வரேக்க உங்களுக்கு அடைச்சதோ, ஐயா?"

"இல்லைங்க."

"பயந்த ஆள் இறங்கேக்கையும் பயப்படுவான்தானே?"

ஏறும் காலடிகளை மட்டும்தான் நான் எண்ணியிருந்தேன்.

அவர் சொன்ன பெயர் அஞ்சைனா (இதயத் தசைக்கு இரத்தம் போதாமல், நடந்தால் அடைத்து, நின்றால் விலகும் நோய்). ஓடும் பட்டையில் நடக்கவைத்துப் பரிசோதித்தார்கள். ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். பிறகு அஞ்சியோகிராம் (தொடை வழியே மெல்லிய குழாய் விட்டு இதயக் குழாய்களைப் படமெடுப்பது). மூன்று குழாய்களில் அடைப்பு. பதினொரு மாதம் காத்திருந்து பைபாஸ் (நெஞ்சைத் திறந்து, காலிலிருந்து எடுத்த இரத்தக் குழாயால் அடைப்புக்கு மாற்று வழி அமைப்பது) செய்துகொண்டேன். இனிக் கனரக வாகனம் ஓட்டத் தகுதியில்லை என்று எழுதித் தந்தார்கள். அன்று நான் அழுதது அந்தக் காகிதத்துக்காக அல்ல. எனக்குப் பதினொரு மாதம் காத்திருக்கக் கிடைத்தது. அவனுக்கு மேலும் இருபத்தாறு காலடி கிடைக்கவில்லை.

தையல் காய்ந்ததும் பாக்கியத்திடம் போனேன். தம்பி பயந்து சாகவில்லை என்றேன். எண்ணிக்கொண்டு நடக்கச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பயந்து செத்தவன் பொஞ்சாதின்னு தண்ணி எடுக்கிற பைப்படியில எத்தன பேர் சொன்னாளுக தெரியுமா, மச்சான்? ஆறு வருசம்."

"தெரியும்மா."

"அந்தச் சர்ட்டிபிகேட்ட நீங்கதானே வாசிச்சீங்க?"

அவள் கீரையை முடித்தாள். பின்பு உள்ளே போய், மடிப்பில் கிழிந்திருந்த அந்தக் காகிதத்தை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். "எழுதியிருக்கிறத மட்டும் வாசிங்க" என்றாள். வாசித்தேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் சாரதிகளே, வலியா என்று கேட்டால் வலியைப் பற்றி மட்டும் பதில் சொல்லாதீர்கள். அடைப்பு, பாரம், எரிவு, தாடைக்கு ஏறும் கனம், எல்லாவற்றையும் சொல்லுங்கள். எப்போது வருகிறது, எப்போது விலகுகிறது என்பதையும் சொல்லுங்கள். அனுமதிப்பத்திரம் போய்விடும் என்ற பயம் வரும். அது உண்மையான பயம். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் திடீரென்று இறந்த யாராவது இருந்தால், அதற்கு ஊர் என்ன காரணம் சொன்னாலும், அவர் இறந்த வயதைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது சண்டை மூண்டு மறுபடியும் செக்பொயின்ட் வந்துவிட்டது, அதே மேட்டில். நான் பஸ்ஸில் போகிறேன். எல்லோரையும் இறக்கி நடக்கவைக்கிறார்கள். நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை (இரத்தக் குழாய்களைச் சற்று விரிப்பது) சட்டைப்பையில் இருக்கிறது. ஒரு மூச்சில் ஏறிய காலம் முடிந்துவிட்டது. அந்த மூச்சை இப்போது காலடிகளாகப் பிரித்துத்தான் செலவழிக்கிறேன். இந்த உடம்பு இரவல் லொறிபோல; ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும்.

போன கிழமை எண்பத்தாறில் நின்றேன். அடைக்கவில்லை. இருந்தாலும் அங்கே எப்போதும் நிற்பேன். ஒரு சிப்பாய் என்னிடம் வந்தான்.

"பயத, சீயா?" பயமா தாத்தா என்கிறான்.

"பய நே, மஹத்தயா. பப்புவ." பயமில்லை ஐயா, நெஞ்சு.

அவன் என் சட்டைக் கழுத்துக்கு மேல் தெரிந்த தழும்பைப் பார்த்தான். கொட்டிலிலிருந்து பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து வீதியோரத்தில் போட்டான். பஸ்காரர்கள் காத்திருந்தார்கள். உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை.

பின்பு எழுந்து, எண்பத்தேழு என்று வாய்விட்டுச் சொல்லிக் காலை எடுத்து வைத்தேன்.